அர்மாவிர் சிலையும் வீட்டுக்காரப் பாட்டியின் மௌனமும்

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். அவசரமாகப் பதில் போடுகிற விஷயம் இல்லை என்பதால் இன்று டூட்டி முடிந்து வந்து உட்கார்ந்தேன். ரஷ்யாவின் காகசஸ் மலைப்பகுதியில் இருக்கும் நால்சிக்கில் மருத்துவம் படிக்க வந்து ஏழு மாதம் ஆகிறது, கபர்தியர் என்ற உள்ளூர் இனத்துப் பாட்டி ஒருவர் வீட்டில் வாடகைக்கு இருக்கிறீர்கள். லீவில் நண்பர்களோடு குபான் ஆற்றங்கரையில் உள்ள அர்மாவிர் ஊருக்குப் போய், அங்கே ஒரு தளபதியின் சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து, திரும்பி வந்ததும் பாட்டியிடம் ஆசையாகக் காட்டினீர்கள். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். நான்கு நாளாகச் சாப்பாடு மேசைக்கு வருகிறது, பேச்சுதான் இல்லை. "என்ன தப்பு செய்தேன்? அறையைக் காலி செய்யச் சொல்வாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

காலி செய்யச் சொல்லமாட்டார், பயப்படாதீர்கள். இந்த மக்களுக்கு விருந்தாளி என்றால் அவ்வளவு மரியாதை. அந்தக் காலத்தில் விருந்தாளிக்கென்றே வாசலோரம் தனி வீடு கட்டி வைத்த ஜனம். கோபம் இருந்தாலும் சோறு போடுவார்கள். அதனால்தான் உங்களுக்குச் சாப்பாடு வருகிறது, பேச்சு வரவில்லை.

நீங்கள் தோளோடு தோள் நின்ற அந்த மனிதர் கிரிகோரி ஸாஸ். பால்டிக் ஜெர்மன் குடும்பத்தில் 1797இல் பிறந்து ரஷ்யப் பேரரசின் ராணுவத்தில் உயர்ந்தவர். 1830களில் குபான் ஆற்று எல்லைக்காவல் அவர் கைக்கு வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் செர்கெசியர்கள் என்ற காகசஸ் பூர்வகுடிகளின் ஊர்கள். இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து ஊரைச் சூழ்வது, வீட்டையும் தானியத்தையும் எரிப்பது, ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு வருவது என்பதுதான் அவருடைய போர்முறை. தான் செத்துப்போனதாக வதந்தி பரப்பி, அந்தப் பக்கம் காவல் தளர்ந்ததும் பாய்ந்த கதையும் உண்டு. அவரை மனிதர் என்றே நம்பாமல் சைத்தான் என்று சொன்னார்கள்.

இதையெல்லாம் போர் என்று சொல்லிக் கடந்துவிடலாம். கடக்க முடியாத ஒன்று இருக்கிறது. நிகலாய் லோரர் என்று ஒருவர். ஜார் மன்னருக்கு எதிரான 1825 கிளர்ச்சியில் சேர்ந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பிறகு சாதாரணச் சிப்பாயாகக் காகசஸுக்கு அனுப்பப்பட்டவர். ஸாஸின் தலைமையிடமான புரோச்னி ஒகோப் கோட்டையில் தன் கண்ணால் பார்த்ததை அவரே நினைவுக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அங்கே இதற்கென்றே போட்ட ஒரு மண்மேடு, அதில் ஈட்டிகள், ஈட்டி முனைகளில் செர்கெசியர்களின் தலைகள், காற்றில் அசையும் தாடிகள். ஸாஸின் அறையிலும் ஒரு பெட்டியில் தலைகள் இருந்தன. சுத்தம் செய்து பெர்லினில் இருந்த பேராசிரிய நண்பர்களுக்கு உடற்கூறு ஆராய்ச்சிக்காக அனுப்பிக்கொண்டிருந்தார். இதைச் சொல்வது எதிரி இல்லை, அதே முகாமில் இருந்த ரஷ்யர்.

செர்கெசியர்களுக்குப் போரில் விழுந்தவனின் உடலை விட்டுவிட்டு வருவது தலைமுறைக்கும் தீராத அவமானம். ஒரு உடலை மீட்க இன்னும் நாலு பேர் உயிரைக் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் கண்ணில் படும்படி தலையை நட்டு வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று நினைத்துப் பாருங்கள்.

"நம் பாட்டி கபர்தியர் ஆயிற்றே, குபான் பக்கத்துச் சண்டைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?" என்று தோன்றலாம். கபர்தியர், அதிகேயர், செர்கெசியர் என்று அரசுக் காகிதத்தில்தான் தனித்தனிப் பெயர். தங்களுக்குள் எல்லாரும் 'அதிகே'தான். அதுமட்டுமல்ல, 1822 வாக்கில் ரஷ்யத் தளபதி யெர்மோலோவ் கபர்தியர்களின் நாடான கபர்தாவை அடக்கிக் கோட்டைகள் கட்டியபோது, பணிய மறுத்த கபர்தியர்கள் பலர் மேற்கே குபானுக்கு அப்பால் போய்விட்டார்கள். ஹஜ்ரெத் என்று அவர்களைச் சொல்வார்கள். ஸாஸ் துரத்தித் துரத்தி அடித்தவர்களில் அவர்களும் உண்டு. பாட்டி வீட்டு ஆட்களும் அதில் இருந்திருக்கலாம். இங்கே ஏழு தலைமுறை முன்னோர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அதில் ஒரு பெயரோடு கிளை நின்றுபோயிருக்கும்.

நான் வந்த புதிதில், வகுப்புத் தோழி ஒருத்தியிடம் "நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய கதைதானே" என்று சொல்லியிருக்கிறேன். அவள் சண்டை போடவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் போட்டோக்களைக் காட்டினாள். துருக்கியில் கேய்சேரி பக்கம் ஒரு கிளை, ஜோர்தானில் அம்மானில் ஒரு கிளை. அவள் பாட்டனாரின் பாட்டனாரோடு பிறந்தவர்களின் வாரிசுகள். 1864 மே 21இல் காகசஸ் போர் முடிந்ததாக ரஷ்யா அறிவித்தது. அந்த ஆண்டுகளில் கருங்கடல் கரைக்கு விரட்டிக் கப்பலேற்றப்பட்டவர்கள் ரஷ்யக் கணக்குப்படியே 5 லட்சத்தை ஒட்டி வருகிறார்கள். மற்ற மதிப்பீடுகள் இன்னும் மேலே போகும். பசியிலும் நோயிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். கடலில் போட்ட உடல்களை நினைத்துக் கருங்கடல் மீனைத் தொடாத குடும்பங்கள் உண்டு. செர்கெசியர்களில் பெரும்பாலோர் இன்று தாய்மண்ணுக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

சரி, அப்புறம் ஏன் அவருக்குச் சிலை? அர்மாவிர்க்காரர்களிடம் கேட்டால் 1839இல் அந்த ஊர் உருவாகத் துணை நின்றவர் என்பார்கள். உண்மைதான். மலைகளில் செர்கெசியர்களோடு வாழ்ந்த ஆர்மீனியர்களைக் குபான் கரைக்குக் கொண்டுவந்து குடியேற்றியது அவர் காலத்தில்தான். செர்கெசியர்களும் எல்லைக்குள் புகுந்து தாக்கினார்கள், ஆட்களைப் பிடித்துப்போனார்கள், எல்லையில் குடியேறிய ரஷ்யப் படைவீரர்களான கொசாக்குகளின் குடும்பங்களுக்கும் இழப்பு இருந்தது என்பார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆர்மீனியர்கள் தலைமுறைகளாக அதிகே மொழி பேசி, அதிகே உடை உடுத்தியவர்கள். அவர்களுடைய ஊரிலேயே 2003இல் ஸாஸுக்குச் சிலை வைத்தார்கள். ஊர் அமைத்த ஒருவரை நினைவில் வைக்க ஆயிரம் வழி இருக்கிறது. ஈட்டியில் தலை குத்தியவரைப் பீடத்தில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியாது.

அவர் காலத்திலேயே ரஷ்ய ராணுவத்துக்குள் எதிர்ப்பு இருந்தது. கருங்கடல் கரைப் படைக்குத் தலைமை தாங்கிய ரயேவ்ஸ்கி, காகசஸில் நாம் செய்வது ஸ்பானியர்கள் அமெரிக்காவைப் பிடித்தபோது செய்த அழிவுகளை நினைவூட்டுகிறது என்று மேலிடத்துக்கே எழுதினார். ஸாஸ் 1842இல் அந்தப் பொறுப்பிலிருந்து போனார். இந்தச் சிலைத் தகராறு அர்மாவிரோடு நிற்பதும் இல்லை. 2020இல் சோச்சியின் அட்லர் பகுதியில் அந்தப் போரின் ரஷ்யச் சிப்பாய்களுக்கு வைத்த நினைவுச்சின்னத்தை, செர்கெசியர்கள் எதிர்த்ததும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. அந்தப் படத்தை எங்கெல்லாம் போட்டீர்களோ அங்கிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். பாட்டியிடம் நேரில் பேசுங்கள், மெசேஜ் வேண்டாம். அவர் அறைக்குள் வரும்போது எழுந்து நில்லுங்கள், அவர் உட்காரச் சொன்ன பிறகே உட்காருங்கள். "தெரியாமல் செய்தேன், இப்போது தெரிந்துகொண்டேன், மன்னியுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிலையைப் பற்றி விளக்கம் கேட்காதீர்கள், ரஷ்யாவைத் திட்டிப் பேசி ஆறுதல் சொல்லவும் போகாதீர்கள். அவர் தன் குடும்பக் கதையைத் தானாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

மே 21 இங்கே விடுமுறை. போர் நடந்த 101 வருடத்துக்கு 101 விளக்கு ஏற்றுவார்கள். 2004இல் திறந்த 'வாழ்வின் மரம்' நினைவிடம் நம் ஊரில்தான் இருக்கிறது. பாட்டி அன்றைக்கு அங்கே போவதாக இருந்தால், கூட வரலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சம்மதித்தால் பூ வாங்கிக்கொள்ளுங்கள், இரட்டைப்படை எண்ணிக்கையில். துக்கத்துக்கு இங்கே அதுதான் வழக்கம்.