பதினொரு இடத்திலும் வெறும் பெயர்

வாசகர் கடிதம் (சுருக்கம்): காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்கள் பூர்வீகம், நகரத்தார் குடும்பம். எனக்கு வயது 29, சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. அப்பச்சியும் ஆத்தாவும் (எங்கள் வழக்கில் அப்பாவும் அம்மாவும்) ஊரில் பெரிய வீட்டில் இருக்கிறார்கள். அந்த வீட்டில் 22 வருடமாகச் சமையல் செய்பவளின் மகளை நான் விரும்புகிறேன். அவளும் என்னை விரும்புகிறாள். தகப்பன் இல்லாத பெண். காரைக்குடியில் எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, அங்கேயே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். பணக்காரன், ஏழை என்ற வித்தியாசமெல்லாம் எனக்குக் கிடையாது. சென்ற பொங்கலுக்குப் பங்காளிகள் கூடியிருந்தபோது, வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்கார்ந்தபடி அவள் அம்மாவிடம் நாலு காபி கொண்டுவரச் சொன்னேன். ஒத்தாசைக்கு வந்திருந்த இவள் எழுந்து பின்கட்டு வழியாகப் போய்விட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதெல்லாம் பெரிய விஷயமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அம்மா வேலையை விட்டுவிடட்டும், மாதாமாதம் பணம் அனுப்பிவிடுவோம் என்று முடிவு செய்திருக்கிறேன். சாதி விட்டுக் கட்டினால் கல்யாணத்துக்கு எங்கள் கோயில் மாலை வராது, கோயிலின் குடும்பக் கணக்கான புள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்று ஆத்தா அழுவார். அவரைச் சம்மதிக்க வைப்பது எப்படி?

பதில்:

தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் ஆத்தாவின் அழுகையைப் பற்றியும், கோயில் மாலையைப் பற்றியும், பங்காளிகள் என்ன பேசுவார்கள் என்பதைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். இதே வருத்தத்தோடு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்கள் ஏராளம். அன்பு உண்மையாக இருந்தால் எல்லாம் கூடிவரும் என்ற ஒரு வரியை நீங்களும் எதிர்பார்த்திருப்பீர்கள். அதை நான் எழுதப் போவதில்லை. மூன்றாம் பக்கத்தின் அடியில், பெரிய விஷயமில்லை என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போன அந்த நாலு காபியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அன்றைக்கு நீங்கள் சொன்ன வார்த்தைகளையும் கடிதத்தில் அப்படியே தந்திருக்கிறீர்கள். முதலில் அந்த அம்மாளின் பெயர். அடுத்து, 'நாலு காபி கொண்டா.' அவருக்கு வயது 54 என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உங்கள் வயதையொத்த மூன்று பங்காளிகள் பக்கத்தில் இருக்க, தூண் ஓரமாக உட்கார்ந்து உத்தரவு போட்டது, அதற்கு முந்தின இரவு தொலைபேசியில் அவருடைய மகளிடம் வாழ்நாள் முழுவதும் கூட இருப்பேன் என்று சொன்ன அதே வாய். அந்தப் பெண் ஏன் எழுந்து போனாள் என்பது உங்களுக்கு இன்றுவரை தெரியவில்லை என்கிறீர்கள். நான் அந்த வீட்டைப் பார்த்ததில்லை, அவளையும் பார்த்ததில்லை. கடிதத்தைப் படித்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் அவள் பேசாமல் இருந்தும், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கடிதத்தை மறுபடி எடுத்து எண்ணிப் பார்த்தேன். அந்த அம்மாளின் பெயர் 11 இடங்களில் வருகிறது. 11 இடத்திலும் வெறும் பெயர். பெயரோடு அம்மா என்றோ அக்கா என்றோ சேர்த்து ஓரிடத்திலும் இல்லை. 'சமைக்கிறாள்', 'வருவாள்', 'ஒன்றும் சொல்ல மாட்டாள்' என்றே எழுதிக்கொண்டு போகிறீர்கள். ஆத்தா 'அழுவார்'. கணக்குப்பிள்ளை 'சொன்னார்'. உங்களுக்குப் பிடிக்காத ஜாதகத்தைக் கொண்டுவந்து தொந்தரவு செய்யும் கல்யாணத் தரகர்கூட 'வந்தார்', 'போனார்' தான். தமிழில் ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுவதென்றால், அவருக்கு எந்த விகுதி கொடுப்பது என்பதை முடிவு செய்யாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது. உங்கள் மாமியாராகப் போகிறவருக்கு 11 முறை முடிவு செய்திருக்கிறீர்கள். பணக்காரன், ஏழை என்ற வித்தியாசம் எனக்குக் கிடையாது என்ற வரியும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

சிறு வயதிலிருந்து வீட்டில் எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள், நானும் அழைத்தேன், அதில் அவமதிப்பு எதுவும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சிறு பிராயத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்தவரை நானும் பெயர் சொல்லி அழைத்தவள்தான். ஆகையால் இது உங்கள் கண்ணில் படாமல் போயிற்று என்பதை நம்புகிறேன். ஆனால் பழக்கம் என்று சொல்லித் தப்பிக்க உங்கள் ஊரே இடம் கொடுக்கவில்லை. மரியாதை தெரியாத சீமையா அது? நேற்றுத் திருமணமாகி வந்த 22 வயதுப் பெண்ணை, அவளைவிட மூத்தவர்கள்கூட ஆச்சி என்று அழைக்கிற ஊர். பெயரோடு ஒட்டாமல் மரியாதையாக அழைப்பதற்கு அத்தனை சொற்களை வைத்திருக்கிறவர்கள், முகப்பையும் வளவையும் கடந்து அடுப்படியை எட்டும்போது அதில் ஒன்றையாவது எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா?

புள்ளி போய்விடும் என்று ஆத்தா அழுவார் என்கிறீர்களே, அந்தப் புள்ளி என்பது என்ன என்று யோசித்திருக்கிறீர்களா? இளையாற்றங்குடி முதலான ஒன்பது கோயில்களைச் சேர்ந்தவர்களில், மணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி. பர்மாவில் கடை வைத்துக் கொழித்தவரும் ஒரு புள்ளி. 1942-இல் ஜப்பானியர் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்தவரும் ஒரு புள்ளி. பெட்டகத்தில் எத்தனை வைரம் என்று பார்த்துக் கோயில் எண்ணுவதில்லை. பணத்தை வைத்து மனிதனை எடை போடக் கூடாது என்பதை உங்கள் முன்னோர் ஒரு கணக்காகவே எழுதி வைத்தார்கள். அதைத் தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பது என் மனக்குறை. நீங்கள் எல்லையைத் தாண்டி மணம் செய்துகொள்ள நினைக்கிறீர்கள். அப்படியானால் அந்த நல்ல கணக்கையும் எல்லைக்கு அப்பால் எடுத்துச் செல்லுங்கள்.

இப்போது பணம் அனுப்பும் விஷயத்துக்கு வருகிறேன். அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. 'அவள் அம்மா வேலையை விட்டுவிடட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்? கணவர் போன பிறகு, விடிவதற்கு முன் எழுந்து, உங்கள் வீட்டு இடியாப்பத்துக்கும் வெள்ளைப் பணியாரத்துக்கும் மாவாட்டி, அந்தக் கூலியில் ஒற்றை ஆளாக ஒரு மகளை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தவர் அவர். தம் வாழ்க்கையின் எந்தப் பெரிய முடிவுக்கும் அவர் பிறர் கையை எதிர்பார்க்கவில்லை. அவருடைய கடைசிக் காலத்தை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சென்னையில் உட்கார்ந்து நீங்கள் தீர்மானித்துவிட்டீர்கள். உங்கள் ஆத்தாவுக்கு இப்படி ஒரு ஏற்பாட்டை, அவரைக் கேட்காமல் செய்வீர்களா? செய்ய மாட்டீர்கள். மாமியாரைக் காப்பாற்றுவது மருமகனின் கடமைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பெற்ற மகனுக்கு உள்ள கடமையில் ஒரு துளியும் அதில் குறையக் கூடாது என்று நினைப்பவள் நான். ஆனால் கடமை என்று நினைத்துச் செய்கிறவன், முதலில் எதிரே உட்கார்ந்து, உங்களுக்கு என்ன விருப்பம் என்று கேட்பான். சம்பளம் கொடுத்துப் பழகிய கை, மாதாமாதம் பணம் அனுப்புவதோடு நின்றுவிடும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். வீட்டு வேலை செய்கிறவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 2007-இல் தனியாக ஒரு நல வாரியம் அமைக்கப்பட்டது. 60 வயதுக்குள் பதிவு செய்துகொண்டால் பிற்காலத்தில் ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. 22 வருடத்தில் உங்கள் வீட்டில் யாராவது அந்த அம்மாளை அழைத்துச் சென்று பதிவு செய்து வைத்தீர்களா? திருமணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது உங்கள் வீடு அவருக்குப் பட்டிருக்கும் கடன். இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. இந்த மாதமே செய்யுங்கள்.

சாதி வேறு என்பதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நானும் ஒரே பத்தியில் முடிக்கிறேன், ஏனென்றால் அதற்குச் சட்டம் எப்போதோ வழி செய்துவிட்டது. 1967-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்குகிறது: உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும், புரோகிதர் தேவையில்லை. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் இருக்கிறது. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். எந்த முறையில் நடந்தாலும் முறைப்படி பதிவு செய்து கையில் சான்றிதழ் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் யாருக்கும் தெரியாமல் பதிவு அலுவலகத்துக்கு ஓடி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு தகவல் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்களுக்கு ஒளிந்துகொள்ளச் சென்னை இருக்கிறது. மறுநாள் காலை உங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நிற்க வேண்டியவர் அந்தப் பெண்ணின் தாய்.

இதனால்தான் ஆத்தாவைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்ற உங்கள் கேள்வியை நான் இரண்டாவதாக வைக்கிறேன். செய்தி ஆத்தாவின் காதுக்கு முதலில் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். உங்களைத் திட்டுவார், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பார். என்றாலும் நீங்கள் அவருக்குப் பிள்ளைதான். அந்த அம்மாளுக்கோ அன்றோடு வேலை போகும். மகளை விட்டு வளைத்துப் பிடித்துவிட்டாள் என்ற பேச்சு மாலைக்குள் தெரு முழுவதும் பரவும். 22 வருடம் உங்கள் வீட்டில் உப்புக்கும் புளிக்கும் கணக்குக் குறையாமல் நடந்துகொண்டவருக்கு, இந்த வயதில் அந்தப் பேச்சைக் கேட்கும்படி ஆகலாமா? காதலில் உங்களுக்கு இருக்கும் ஆபத்தும் அவர்களுக்கு இருக்கும் ஆபத்தும் ஒன்றல்ல என்பதை அந்தப் பெண் உணர்ந்திருக்கிறாள். அதனால்தான் அவள் சத்தம் போடாமல் எழுந்து போனாள்.

ஆத்தாவிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். அப்பச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அண்ணன் வழியாகவோ அத்தை வழியாகவோ தூது விடாதீர்கள். கோயில் மாலை வராது என்பது அவருக்கு உண்மையான துக்கம். அதை மூடநம்பிக்கை என்று வாதாடி அவரை நோகடிக்கக் கூடாது. அவர் ஒப்புக்கொள்ளாமலே போகலாம். அப்போதும் மகன் என்ற கடமை உங்களை விட்டுப் போகாது: நோய்நொடிக்கு ஓடி வர வேண்டும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு வர வேண்டும், யாரும் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போக வேண்டும். திருமணத்துக்காகப் பெற்றவர்களை உதறியவனை நான் மெச்சியதில்லை. ஆனால் அதெல்லாம் பிற்பாடு.

முதலில் அந்தப் பெண்ணிடம் போங்கள். பொங்கலன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். அவள் மனத்தில் இருப்பதை அவள் சொல்லட்டும், இடைமறிக்காமல் கேளுங்கள். அதன் பிறகு, அவள் சம்மதித்தால் மட்டும், அவளுடைய தாயைப் பார்க்கச் செல்லுங்கள். உங்கள் அடுப்படியில் வைத்துப் பேசாதீர்கள்; அங்கே அவர் உங்கள் வேலைக்காரர், முடியாது என்று சொல்ல அவரால் முடியாது. அவர் வீட்டுக்குப் போங்கள். நான்கு பக்கக் கடிதத்தில் அந்த வீட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நீங்கள் அந்த வாசலை மிதித்ததே இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் வழக்கத்தில் திருப்பூட்டுவதற்கு, அதாவது தாலி கட்டுவதற்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தானே போக வேண்டும்? இப்போதே போய் வழி தெரிந்துகொள்ளுங்கள்.

அத்தை என்ற சொல் முதல் நாளே உங்கள் வாயில் வராது, அவருக்கும் அது காதில் தைக்கும். அம்மா என்று அழையுங்கள், போதும். நீங்கள் உள்ளே நுழைந்ததும் அவர் பதறி எழுந்து, இருக்கிற ஒரே நாற்காலியைத் துடைத்து உங்கள் பக்கம் இழுத்துப் போடுவார். தாம் கதவோரமாக நின்றுகொள்வார். நாற்காலியில் உட்காராதீர்கள். அவர் உட்காரும் வரை நீங்களும் நில்லுங்கள்.