பரோட்டாவும் போங்காட்டமும்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். எங்கள் தெருவில் எட்டு நண்பர்கள். சனிக்கிழமை இரவு பிஜிஎம்ஐ என்ற மொபைல் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில், எங்களுக்கென்று தனி ஆன்லைன் ரூம் போட்டு நாலுக்கு நாலு டிடிஎம் (அணிக்கு அணி மோதும் ஆட்டம்) ஆடுவோம். தோற்ற அணி பரோட்டா வாங்கித்தர வேண்டும். ஒரு மாதமாக எங்கள் அணிதான் ஜெயிக்கிறது. போன வாரம்தான் பார்த்தேன், என் அணி நண்பன் ஹேக் (ஏமாற்றி ஆட உதவும் மென்பொருள்) போட்டிருக்கிறான். பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர்கள்கூட அவன் திரையில் தெரிகிறார்கள். "விளையாட்டுதானேடா, வெளியே சொல்லாதே" என்கிறான். ஐந்தாம் வகுப்பிலிருந்து பழக்கம். சொன்னால் காட்டிக்கொடுத்தது போல ஆகாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, முதலில் என் கதை. பிரவுசிங் சென்டரில் வைஸ் சிட்டி என்ற கம்ப்யூட்டர் கேம் ஆடிய காலத்தில், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க சீட் கோடு, அதாவது ஆட்டத்தில் குறுக்குவழி தரும் ரகசியச் சொற்கள், எழுதி வைத்திருந்தவன் நான். 'பேன்ஸர்' என்று அடித்தால் பக்கத்தில் ஒரு டாங்கி வந்து நிற்கும். ஒரு மணி நேரக் காசுக்கு ஊரையே இடிக்கலாம். அதில் யாரும் ஏமாறவில்லை. சொல்லப்போனால், 1986-இல் கோனாமி என்ற கேம் கம்பெனியின் கிரேடியஸ் விளையாட்டை வீட்டு வீடியோ கேமுக்கு மாற்றிய கசுஹிசா ஹாஷிமோட்டோ, தன்னாலேயே அதை ஆடி முடிக்க முடியாமல்தான் பின்னாளில் பிரபலமான ஒரு ரகசிய சீட் கோடை உள்ளே வைத்தார். ஆகவே சீட் என்றாலே பாவம் என்று சொல்ல மாட்டேன். எட்டுப் பேரும் பேசி வைத்து ஹேக் போட்டு ஆடினால்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை. உங்கள் ரூமில் நடப்பது வேறு. நாலு பேருக்குத் தெரியாமல் நடக்கிறது.

அந்த நாலு பேரைக் கொஞ்சம் யோசித்துப் பார். பரோட்டாக் காசு போகட்டும். ஒருவன் வாரம் முழுக்க சென்சிட்டிவிட்டியை (விரல் அசைவுக்குத் திரை நகரும் வேகத்தை) மாற்றி மாற்றிப் பார்த்திருப்பான். இன்னொருவன் யூடியூப் பார்த்து நாலு விரலால் ஆடும் 'கிளா' முறைக்குப் பழகி, கட்டைவிரல் வலிக்க உட்கார்ந்திருப்பான். "எனக்கு ஆடவே வரலைடா" என்று ஒருவன் ஒதுங்கவும் ஆரம்பித்திருக்கலாம். இல்லாத குறையைத் தன்னிடம் தேடுகிறார்கள். உன் நண்பன் பறித்துக்கொண்டது அவர்களுடைய தன்னம்பிக்கையைத்தான். காட்டிக்கொடுப்பதாகப் பயப்படுகிறாயே, அவர்களும் உன் நண்பர்கள்தானே?

2018 அக்டோபரில் ஷாங்காய் நகரில் நடந்த கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் கேம் போட்டியில், இந்திய அணி வீரர் ஒருவர் கணினியில் ஹேக் வைத்திருந்து பிடிபட்டார். 'வேர்ட்' என்று பெயர் வைத்து அந்த ஃபைலை மறைத்திருந்தார். அவருக்கு ஐந்து ஆண்டு தடை. தடை அவருக்கு மட்டும்தான், ஆனால் அணியே போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டது, பிறகு கலைக்கவும் பட்டது. கூட ஆடியவர்களுக்கும் சேர்த்துத்தான் எல்லாம் போயிற்று. நீ போன வாரத்திலிருந்து தெரிந்துகொண்டே ஆடுகிறாய். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? சனிக்கிழமைக்கு முன்பே அவனைத் தனியாகப் பார். வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம், ஆட்டத்துக்கு நடுவில் மைக்கிலும் வேண்டாம். "ஹேக்கை எடுத்துட்டு வா, இல்லைன்னா இந்த வாரம் நான் உன் அணியில் இல்லை. ஏன்னு கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்று சொல். அவனே மற்றவர்களிடம் சொல்ல ஒரு வாரம் அவகாசம் கொடு. ஹேக்குக்காக ஊர் பேர் தெரியாத ஏபிகே-யை (ஆப் ஃபைலை) இறக்கி, கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்திருப்பான். அது அம்மாவின் ஜிபே இருக்கும் போன் என்றால் விளையாட்டைவிடப் பெரிய தலைவலி, அதையும் எடுத்துச் சொல்.

கோபப்படுவான். இரண்டு நாள் பேசாமலும் இருப்பான். இருக்கட்டும்.

அப்புறம், நாலு வாரப் பரோட்டா பாக்கி இருக்கிறது. அவன் பங்கோடு உன் பங்கையும் சேர்த்து இந்த வாரம் நீங்கள் இருவரும் வாங்கிக்கொடுங்கள். சால்னா கூடுதலாகக் கேட்டால் மறுக்காதே.