வீட்டுக்குள் லிஃப்ட் வைப்பது பாதுகாப்பானதா? கயிறு அறுந்து விழுந்துவிடாதா?

அம்மாவுக்கு முட்டி வலி முற்றி மாடிப்படி ஏறமுடியாமல் போனபோது வைத்தோம். எங்கள் வீட்டு லிஃப்டுக்கு இப்போது ஆறு வயது. கேள்வி கேட்டவர் தன் வீட்டில் வயதான பெற்றோரும் நான்கு வயதுப் பிள்ளையும் இருப்பதாகச் சொல்கிறார். பெற்றோரைவிட அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் இந்தப் பதில்.

கயிறு பயத்தை முதலில் முடித்துவிடுவோம். கயிற்றில் ஓடும் லிஃப்ட் ஒரே கயிற்றை நம்பித் தொங்குவதில்லை. அப்படியே எல்லாம் அறுந்தாலும், கேபின் வேகம் அளவுமீறியதும் அதன் அடியில் இருக்கும் சேஃப்டி கியர் என்ற பிடி, கேபின் ஏறி இறங்கும் இருபக்கத் தண்டவாளங்களையும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். 1850-களிலேயே நியூயார்க் பொருட்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் மேடையில் ஏறி நின்றுகொண்டு, கயிற்றை வெட்டச்சொல்லி இந்த வித்தையைக் காட்டிவிட்டார். எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் லிஃப்டில் எண்ணெய்க் குழாய் வெடித்தால் ஓட்டத்தை அடைக்க ஒரு வால்வு உண்டு. காற்றழுத்தத்தில் ஓடும் குழாய் வடிவ லிஃப்ட் மின்சாரம் போனால் மெதுவாகக் கீழே இறங்கிவிடும். வீட்டு லிஃப்ட் பலவற்றின் வேகமே நொடிக்கு 0.15 மீட்டர்தான். அம்மாவே "நடந்தே போயிருப்பேன்" என்று அலுத்துக்கொள்வார்.

பயப்பட வேண்டியது கதவைப் பார்த்து.

பல வீட்டு லிஃப்டுகளில் இரண்டு கதவுகள் இருக்கும். தளத்தில் இருப்பது சாதாரண அறைக்கதவு மாதிரி இழுத்துத் திறப்பது. கேபினில் இருப்பது மடிப்புக் கதவு. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழும். பெரியவர்கள் அதில் நிற்க முடியாது, சின்னப் பிள்ளை நிற்கும். பிள்ளை உள்ளே நுழைந்து வெளிக்கதவு சாத்திக்கொண்டால், லிஃப்டைப் பொறுத்தவரை இரண்டு கதவும் மூடியாயிற்று. மாடியில் யாராவது பட்டனை அழுத்தினால் கிளம்பிவிடும். அமெரிக்காவில் குழந்தைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் 2016-ல் அங்கே தர விதியைத் திருத்தி, 5 அங்குலம் வரை விடலாம் என்றிருந்த இந்த இடைவெளியை 4 அங்குலமாகக் குறைத்தார்கள். பழைய லிஃப்டுகள் பழைய அளவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். மடிப்புக் கதவென்றால் மடிப்பு உள்வாங்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும், பிதுங்கி நிற்கும் இடத்திலிருந்து அல்ல. அதிகமாக இருந்தால் வெளிக்கதவின் உட்புறம் தடுப்பு பொருத்தி இடத்தை அடைத்துவிடலாம். பெரிய வேலை இல்லை.

அடுத்தது கதவுப் பூட்டு. லிஃப்ட் அந்தத் தளத்தில் நின்றால் ஒழிய வெளிக்கதவு திறக்கக் கூடாது. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் அசையக் கூடாது. எங்கள் வீட்டில் மூன்றாவது வருடம் அது அசைந்தது. அன்று காலைதான் சர்வீஸ் முடிந்திருந்தது. சாயங்காலம் துணிக்கூடையோடு உள்ளே ஏறி பட்டனை அழுத்திய பிறகு பார்க்கிறேன், வெளிக்கதவு இரண்டு விரல் அளவு திறந்தே இருக்கிறது. ஆனாலும் லிஃப்ட் மேலே போகிறது! சிவப்பு பட்டனை அழுத்தி நிறுத்தினேன். மறுநாள் வந்த மெக்கானிக் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து விரல் நீளத்துக்கு ஒரு வயரைக் கழற்றினார். முந்தின நாள் சோதனைக்காக, கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே லிஃப்ட் எடுத்துக்கொள்ளும்படி கதவு சர்க்கியூட்டை அந்த வயரால் இணைத்தவர் அதை எடுக்க மறந்திருக்கிறார். "ஒண்ணும் ஆகலையே சார்" என்றார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

அதிலிருந்து ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும், மெக்கானிக் கிளம்பும் முன்பே, அவர் கண்முன்னால் இரண்டையும் பார்த்துவிடுவேன். காலி லிஃப்டை மாடிக்கு அனுப்பிவிட்டு, கீழ்த்தளக் கதவை இழுத்துப் பார்ப்பேன். ஒருவேளை திறந்துகொண்டால் உள்ளே விழாதபடி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான். அப்புறம் லிஃப்ட் நிற்கும் தளத்தில் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, மாடியிலிருந்து கூப்பிடச் சொல்வேன். அசையக் கூடாது. இரண்டு நிமிட வேலை.

மின்வெட்டில் பக்கத்துத் தளத்துக்குக் கொண்டுபோய்விடும் பேட்டரி உண்டு என்று விற்பவர் சொல்வார். உண்மைதான், ஆனால் பேட்டரி சில வருடங்களில் செத்துப்போகும். காலி கேபினை அனுப்பி, நடுவழியில் மெயினை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மாட்டிக்கொண்டால் கேபினில் மூச்சு முட்டாது, காற்று வந்துபோக வழி உண்டு. பாதித் தளத்தில் நிற்கும் கேபினிலிருந்து குதித்து இறங்குவதுதான் ஆபத்து. கேபினுக்கு அடியில் திறந்து கிடக்கும் குழிக்குள் கால் போய்விடும். வெளியிலிருந்து கதவைத் திறக்கும் முக்கோணச் சாவியையும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இன்னொன்று. கேபினுக்குள் அவசர போனைப் பெரும்பாலும் நிற்பவர் கைக்கு எட்டும் உயரத்தில்தான் பொருத்துவார்கள். உள்ளே தடுமாறி விழுந்தவருக்கு அது எட்டாது. அம்மா செல்போனை எங்கேயும் எடுத்துக்கொண்டு போகிறவர் இல்லை. அதனால் முழங்கால் உயரத்தில் பேட்டரியில் ஓடும் ஒரு அழைப்பு மணி பட்டனை ஒட்டி வைத்திருக்கிறோம். மணி சமையலறையில் அடிக்கும். இதுவரை டீ வேண்டும் என்று சொல்லத்தான் அதை அழுத்தியிருக்கிறார்.