பதில்: மிரிஸ்ஸ படகில் பறவை எல்லாம் கறுப்புப் புள்ளியாகத் தெரிகிறது

ஹட்டனிலிருந்து தென்கரை மிரிஸ்ஸ போய்த் திமிங்கிலப் படகேறியும் வாந்திதான் மிச்சம், பறவையெல்லாம் கறுப்புப் புள்ளி என்கிறீர்கள். மலை ரோட்டு வளைவுக்குப் பழகிய வயிறு கடலுக்குத் தாங்கும் என்றில்லை. வாந்திக் குளிசையைப் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். படகின் நடுவில், கீழ்த்தட்டில் நில்லுங்கள்.

ஆடும் படகில் 10 மடங்கு பைனாகுலர் சரிவராது, 8 போதும். அதற்கு முன் தேயிலைக்கு மேலே பறக்கும் தகைவிலான்களைப் பின்தொடர்ந்து கை பழகட்டும்.

நிறத்தைத் தேடாதீர்கள், பறக்கும் விதத்தைப் பாருங்கள். இறக்கையை விறைப்பாக விரித்து அலையை ஒட்டிச் சறுக்கினால் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை. விடாமல் இறக்கை அடித்தால் அநேகமாக ஆலா (tern) என்ற கடற்பறவை. மிதக்கும் பலகை, தென்னமட்டை எதையும் விடாதீர்கள். ஆலாவில் ஒரு வகையான பிரைடில்ட் ஆலா அதில்தான் குந்தியிருக்கும். அதன் நெற்றி வெள்ளை கண்ணைத் தாண்டி மெல்லிய கோடாகப் பின்னால் நீளும். அதைப் போலவே இருக்கும் சூட்டி ஆலாவுக்குக் கண்ணோடு நின்றுவிடும்.

அப்புறம், திமிங்கிலப் படகு பறவைக்காக நிற்காது. பறவைதான் முக்கியமென்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் மேற்குக் கரைக்குப் போங்கள். பிரைடில்ட் ஆலாக்கள் தெற்கே போகும் காலம், கரையில் நின்றே பார்க்கலாம், குளிசையும் தேவையில்லை.