விஎம்முக்குள் விஎம் (வர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினி): கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பயாஸில் விடி-எக்ஸ் (விஎம் ஓட்ட உதவும் இன்டெல் ப்ராசஸர் வசதி) ஆன் செய்திருக்கிறேன். ஹோஸ்டில், அதாவது நிஜ கணினியில், கேவிஎம் (லினக்ஸின் ஹைப்பர்வைசர், விஎம்களை ஓட்டும் மென்பொருள்) நன்றாக ஓடுகிறது. உள்ளே இருக்கும் உபுண்டு விஎம்மில் மட்டும் கேவிஎம் வரவில்லை. ஏன்?

பதில்: பயாஸின் பேச்சு நிஜ ப்ராசஸரோடு முடிந்துவிடும். உள்ளே இருக்கும் விஎம்முக்கு எந்தெந்த வசதியைக் காட்டுவது என்று முடிவெடுப்பது ஹைப்பர்வைசர்தான். உபுண்டுவில் ப்ராக் டைரக்டரிக்குள் சிபியூஇன்ஃபோ கோப்பைத் திறந்து, ஃபிளாக்ஸ் என்ற நீள வரியைப் பாருங்கள். இன்டெல் என்றால் விஎம்எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் இருக்க வேண்டும். அது இல்லாமல் உள்ளே எதை இன்ஸ்டால் செய்தாலும் வீண்.

சரி, இல்லையென்றால்? ஹோஸ்டில் கேவிஎம் இன்டெல் மாட்யூலின் நெஸ்டட் மதிப்பு ஒய் அல்லது 1 என்று காட்டுகிறதா பாருங்கள். லினக்ஸ் 4.20 முதல் இன்டெலுக்கும் இது தானாகவே ஆன். அப்புறம் விஎம்மின் சிபியூ மாடலை ஹோஸ்ட் பாஸ்த்ரூ (நிஜ ப்ராசஸரை அப்படியே காட்டுவது) என மாற்றுங்கள். மாற்றியபின் உபுண்டுவை ரீபூட் செய்தால் போதாது. விஎம்மை ஓட்டும் பழைய க்யூஎமு ப்ராசஸ் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், பழைய சிபியூவையே காட்டும். முழுதாக ஷட் டவுன் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

கேள்வி: ரைசன் ப்ராசஸர், விண்டோஸ் 10. ஹைப்பர்-வியில் (மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசர்) விஎம்முக்குள் விஎம் ஓட்ட முடியுமா சார்?

பதில்: முடியாது. ஏஎம்டிக்கு விண்டோஸ் 11 அல்லது சர்வர் 2022 வேண்டும். இன்டெலுக்கு சர்வர் 2016-லேயே வந்துவிட்டது. பவர்ஷெல்லில் விஎம்முக்குள் விஎம்மை அனுமதிக்கும் செட்டிங்கை மாற்றும்போது விஎம் ஆஃபில் இருக்க வேண்டும்.

கேள்வி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் உள் விஎம் ஆமை வேகம். என்ன செய்யலாம்?

பதில்: ப்ராசஸருக்குத் தெரிந்தது ஒரே ஒரு அடுக்கு ஹைப்பர்வைசர்தான். உள் விஎம் எதற்காக வெளியேறினாலும் (ஓட்டத்தை நிறுத்தி ஹைப்பர்வைசரின் உதவியைக் கேட்டாலும்) கட்டுப்பாடு முதலில் ஹோஸ்டுக்கே வரும். ஹோஸ்ட் அதை நடு அடுக்கிடம், அதாவது உள் விஎம்மை ஓட்டும் விஎம்மிடம், கொடுக்கும். நடு அடுக்கு அதைக் கவனிக்கும்போது விஎம்சிஎஸ்ஸை (விஎம்மின் நிலையை ப்ராசஸர் குறித்து வைக்கும் இடம்) படித்தாலோ எழுதினாலோ மறுபடி ஹோஸ்டுக்குத் தாவ வேண்டும். இப்படி ஒரு வெளியேற்றம் பலவாகப் பெருகிவிடுகிறது. 2010-இல் ஐபிஎம் ஹைஃபா ஆய்வாளர்களின் டர்டில்ஸ் திட்டம் மல்லுக்கட்டியது இதோடுதான். 2013-இல் ஹாஸ்வெல் தலைமுறையோடு வந்த விஎம்சிஎஸ் ஷேடோயிங், அந்தத் தாவல்களில் பெரும்பகுதியை ப்ராசஸருக்குள்ளேயே முடித்துவிடுகிறது.

உங்கள் கையில் இருப்பது வெளியேற்றங்களைக் குறைப்பது. டிஸ்க், நெட்வொர்க் இரண்டையும் இரண்டு அடுக்கிலும் வர்ட்ஐஓவுக்கு (விஎம்களுக்கென்றே செய்த டிரைவர் முறை) மாற்றுங்கள். நடு விஎம்மில் இபிடி (விஎம்மின் நினைவக முகவரிகளை ப்ராசஸரே மாற்றித் தரும் இன்டெல் வசதி) தெரிகிறதா என்றும் பாருங்கள். இபிடி இல்லையென்றால் உள் விஎம் பேஜ் டேபிளைத் தொடும்போதெல்லாம் இந்தத் தாவல்தான்.

கேள்வி: மூன்றாவது அடுக்கும் போடலாமா?

பதில்: பூட் ஆகும். வேலைக்குப் போடாதீர்கள்.