தரம் 6இல் ஸ்பானிஷ் தொடங்குகிறோம்: முதல் வருட இலக்குகளை எப்படி எழுதுவது?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் ஒரு தனியார் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஸ்பானிஷும் பி1 என்ற நடுத்தரப் படி வரை படித்திருக்கிறேன். புதிய வருடத்தில் தரம் 6 பிள்ளைகளுக்கு வாரம் 2 பாடவேளை ஸ்பானிஷ் எடுக்கச் சொல்லியிருக்கிறார் அதிபர். அதற்கு முன் வருட இறுதிக் கற்றல் இலக்குகளை எழுதித் தர வேண்டும். கையில் உள்ள பாடநூலின் பொருளடக்கம் முழுக்க இலக்கணத் தலைப்புகள். அதையே இலக்காக எழுதிக் கொடுக்கலாமா? பெற்றோரோ, "வருசம் முடியப் பிள்ளை ஸ்பானிஷ் கதைக்குமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

பதில்: டீச்சர், பொருளடக்கத்தை இலக்காக எழுத வேண்டாம். "நிகழ்கால வினைகள்" என்பது நீங்கள் எதைக் கற்பிக்கப் போகிறீர்கள் என்பதைத்தான் சொல்கிறது. பிள்ளைக்கு என்ன கைவரும் என்பது அதில் இல்லை. "புதிதாகச் சந்திக்கும் ஒருவரிடம் தன் பெயர், வயது, ஊர் மூன்றையும் சொல்லும், அவரிடமும் அதையே கேட்கும்" என்று எழுதிப் பாருங்கள். பிள்ளையை முன்னால் நிறுத்தினால் அரை நிமிடத்தில் முடியுமா முடியாதா என்று தெரிந்துவிடும். அப்படிப் பார்த்துச் சொல்லக்கூடியதுதான் இலக்கு. ஐரோப்பியப் பேரவை 2001இல் வெளியிட்ட மொழித் திறனுக்கான பொதுச் சட்டகம், தொடக்கப் படியான ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிகளையும் இப்படித்தான், "இதைச் செய்ய முடியும்" என்ற வாக்கியங்களாலேயே விளக்குகிறது. நீங்களும் அந்த வழியிலேயே போங்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. பாடவேளை ஒன்று 40 நிமிடம். வருடத்தில் 35 வாரம் உங்களுக்குக் கிடைத்தால் 70 பாடவேளை, அதாவது 47 மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் எத்தனை பாடவேளை கைவிட்டுப் போகும் என்பது உங்களுக்கே தெரியும். மாரியில் வெள்ளம் வந்தால் அதுவும் சேரும். ஆகவே 40 மணித்தியாலம் என்று வைத்துத் திட்டமிடுங்கள். ஏ1 முழுவதையும் முடிக்க இது போதாது. ஏ1இல் பாதியை உறுதியாகப் பிடிப்பது முதல் வருடத்துக்கு நல்ல இலக்கு. பாடநூலை முடித்துவிட வேண்டும் என்று ஓடினால் டிசம்பரில் பிள்ளைகளிடம் கொப்பி நிறைந்திருக்கும், வாயில் ஒரு வாக்கியமும் இருக்காது.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம். நீங்கள் ஆங்கில ஆசிரியை என்பதால் ஸ்பானிஷை ஆங்கிலத்தின் வழியாக விளக்கத்தான் முதலில் மனம் போகும். உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வழிதான் கிட்ட. இலக்குகளை வரிசைப்படுத்தும்போதே இதை மனதில் வையுங்கள். எங்கே தமிழ் கைகொடுக்கிறதோ அதை முன்னால் போட்டு வேகமாகக் கடக்கலாம். எங்கே தமிழ் காலை வாருகிறதோ அங்கே நேரத்தைத் தாராளமாக ஒதுக்க வேண்டும்.

உச்சரிப்பில் இது உடனே தெரியும். ஸ்பானிஷின் 't', 'd' இரண்டும் நாக்கு மேற்பல்லைத் தொட்டு வருகிற ஒலிகள், நம் தகரத்தைப் போல. ஆனால் ஆங்கில எழுத்தாகப் பார்த்துப் பழகிய பிள்ளை அதைக் கண்டதும் டகரமாக்கிவிடும். 'என்னிடம் இருக்கிறது' என்பதற்கான சொல்லை "டெங்கோ" என்று வாசிக்கும். கரும்பலகையில் பெரிதாக ஒரு 'த' எழுதி, "இந்த இடத்தில் நாக்கை வையுங்கோ" என்றால் போதும், "தெங்கோ" வந்துவிடும். உயிரெழுத்துகளும் ஐந்தே: ஆ, எ, இ, ஒ, உ. ஆங்கிலம் போல ஒரு எழுத்துக்குப் பல ஒலி இல்லை. அலைக்கோடு போட்ட 'n' எழுத்து, 'ஞாயிறு' என்பதன் முதல் ஒலி. இரண்டு உயிருக்கு நடுவில் 'd' மென்மையாவதையும் நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. "நாதா" (ஒன்றுமில்லை) என்று தமிழ்ப் பிள்ளை சொல்லும்போது அந்த மென்மை தானாகவே வரும். எச் எழுத்துக்கு ஒலி கிடையாது. அதனால்தான் வணக்கம் சொல்கிற "ஓலா" எச்சில் தொடங்கினாலும் அது காதில் விழுவதில்லை.

கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறு. தமிழில் ஒரே எழுத்து 'p', 'b' இரண்டுக்கும் நிற்கிறது. எடை என்பதும் முத்தம் என்பதும் ஸ்பானிஷில் முதல் ஒலியால் மட்டுமே வேறுபடும் சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டுமே "பேசோ"தான். தரம் 6 வகுப்பில் இது மாறினால் பாடம் அன்றைக்கு அவ்வளவுதான். ஆகவே நாக்கின் இடத்தைக் காட்டத் தமிழ் எழுத்தை முதல் இரண்டு மூன்று வாரம் பயன்படுத்திவிட்டு, அப்புறம் அதை முற்றாக நிறுத்துங்கள். கொப்பியில் ஸ்பானிஷ் சொல்லுக்கு மேல் தமிழில் எழுதி வைக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு கழற்றுவது கஷ்டம். இன்னொன்று அழுத்தம். தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. ஸ்பானிஷில் மாறும்: "பாபா" என்று முதல் அசையை அழுத்தினால் உருளைக்கிழங்கு, கடைசி அசையை அழுத்தினால் அப்பா. ஒற்றை ரகரத்துக்கும் இரட்டை ரகரத்துக்கும் இதே கதைதான். "பெரோ" என்றால் 'ஆனால்', நாக்கை உருட்டி "பெர்ரோ" என்றால் நாய். முதல் தவணையின் உச்சரிப்பு இலக்கை இப்படி எழுதலாம்: "தெரியாத சொல்லொன்றைப் பார்த்தால், பொருள் விளங்காவிட்டாலும், அழுத்தம் பிழைக்காமல் வாசிக்கும்." ஸ்பானிஷ் எழுத்துக்கூட்டல் ஒழுங்கானது என்பதால் ஒரு தவணையில் இது நடக்கும்.

இலக்கணத்திலும் இப்படித்தான். வினையின் விகுதியே ஆளைக் காட்டும் என்பதைத் தமிழ்ப் பிள்ளைக்கு விளக்கவே தேவையில்லை. "கதைக்கிறேன், கதைக்கிறாய், கதைக்கிறார்" என்பதற்குப் பக்கத்தில் "ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா" என்று எழுதுங்கள். 'நான்' என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை என்பதும் உடனே பிடிபடும். ஆங்கில வழியாக வருகிற பிள்ளைதான் வாக்கியத்துக்கு வாக்கியம் "யோ, யோ" என்று தொடங்கும். நீ, நீங்கள் வித்தியாசமும் அப்படியே: நண்பனுக்கு "தூ", அதிபருக்கு "உஸ்தெத்". விருப்பத்தைச் சொல்வது ஆங்கிலேயப் பிள்ளையைத் திணறடிக்கிற அமைப்பு. நம் பிள்ளைக்கு அது சொந்த வீடு. "எனக்கு மீன் பிடிக்கும்" என்பதுபோலவே "மே கூஸ்தா எல் பெஸ்காதோ". "மே" என்றால் 'எனக்கு'. மீனே எழுவாய். பாடநூல் இதைப் பின்னுக்குத் தள்ளியிருந்தால் நீங்கள் முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

தமிழ் காலை வாரும் இடங்கள் மூன்று. முதலாவது, "நான் மாணவன்" என்று வினையே இல்லாமல் நாம் வாக்கியத்தை முடித்துவிடுகிறோம். ஸ்பானிஷில் "சோய்" இல்லாமல் அது நிற்காது. பிள்ளைகள் இதை விட்டுக்கொண்டேயிருப்பார்கள். பொறுமையாகத் திருத்த வேண்டும். இடத்தைச் சொல்லும்போது மட்டும் நம் 'இருக்கு' உதவிக்கு வரும். "என் வீடு வாவிக்குக் கிட்ட இருக்கு" என்பது "மீ காசா எஸ்தா செர்கா தெ லா லகூனா". களைப்பாக இருக்கு என்றாலும் அதே வினைதான். ஆனால் "அது வடிவாக இருக்கு" என்று ஒன்றின் இயல்பைச் சொல்லும்போது மற்ற வினை, அதாவது "சோய்" வருகிற அந்த வினை வரும், எனவே 'இருக்கு' என்பதைச் சூத்திரமாக்கிவிடாதீர்கள். இரண்டாவது, வயதும் பசியும். நமக்கு "எனக்கு 11 வயது, எனக்குப் பசிக்குது". அவர்களுக்கு அவை இரண்டும் 'வைத்திருக்கிற' விஷயங்கள், "தெங்கோ" போட்டுச் சொல்ல வேண்டும். இதற்கு விளக்கம் தேடாமல் முழு வாக்கியமாகவே வாயில் ஏற்றிவிடுங்கள்.

மூன்றாவதுதான் பெரிது: பொருட்களுக்கு ஆண்பால், பெண்பால். உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகியவர்களுக்கு மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்றால் தலை சுற்றும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் ஆண்பாலுக்கு "எல்", பெண்பாலுக்கு "லா" சேர்த்தே கொப்பியில் எழுத வையுங்கள், இரண்டு நிறப் பேனையால் எழுதினால் இன்னும் நல்லது. முதல் வருட இலக்கு: "பாடத்தில் வரும் ஐம்பது பொருட்பெயர்களை 'எல்', 'லா' மாறாமல் சொல்லும்." பெயரடையும் சேர்ந்து மாற வேண்டும் என்பதைக் காட்டுங்கள், ஆனால் அதற்குப் புள்ளி வெட்ட வேண்டாம். அது இரண்டாம் வருட வேலை.

முதல் கிழமைச் சொற்களுக்கு ஒரு யோசனை. போர்த்துக்கீசர் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல். பத்து வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் போர்த்துக்கீசச் சொற்கள் நம் வீடுகளில் தங்கிவிட்டன. நகரத்துப் பறங்கியர் சமூகத்தில் போர்த்துக்கீசக் கிரியோல் மொழியும் தங்கியது. போர்த்துக்கீசமும் ஸ்பானிஷும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் மேசைக்கு "மேசா", சப்பாத்துக்கு "சபாத்தோ", அலுமாரிக்கு "அர்மாரியோ", குசினிக்கு "கொசீனா", வாங்குக்கு "பாங்கோ", பாணுக்கு "பான்" என்று ஸ்பானிஷிலும் காதுக்குப் பழகிய சொற்களே வருகின்றன. இவை ஸ்பெயினிலிருந்து நமக்கு வந்தவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். முதல் நாளே ஆறு சொல் தனக்கு ஏற்கனவே தெரியும் என்று கண்ட பிள்ளை இரண்டாம் நாள் நிமிர்ந்து உட்காரும்.

தவணைகளை இப்படிப் பிரிக்கலாம். முதல் தவணையில் வணக்கம், பெயர், வயது, ஊர், 31 வரை எண்கள், பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வது. கூடவே வகுப்பறைக் கட்டளைகள்: எழும்பு, இரு, திற, கேள். கட்டளைக்குப் பிள்ளை உடலால் பதில் சொன்னால் போதும், வாயால் சொல்லத் தேவையில்லை. கேட்டல் திறன்தான் முதலில் வளரும், அதையும் இலக்காக எழுத மறக்காதீர்கள். இரண்டாம் தவணை குடும்பமும் சாப்பாடும்: "தன் குடும்பத்தில் மூவரைப் பற்றி ஆளுக்கு இரண்டு வாக்கியம் சொல்லும்; தனக்குப் பிடித்தது, பிடிக்காதது சொல்லும்; நண்பனிடம் கேட்டு அதை வகுப்புக்குச் சொல்லும்." மூன்றாம் தவணையில் வீடும் பாடசாலையும் எங்கே, கடையில் விலை கேட்பது, தன்னைப் பற்றி ஆறு வாக்கியம் பார்க்காமல் எழுதுவது. நிகழ்காலம் தவிர வேறு காலம் வேண்டாம். வினை வடிவங்களில் முதல் இரண்டு தவணைக்கும் ஒருமை மூன்றும் போதும். பலரை 'நீங்கள்' என்று சொல்ல "உஸ்தேதெஸ்" மட்டும் பழக்குங்கள். லத்தீன் அமெரிக்கா முழுக்க அதுதான் வழக்கு. ஸ்பெயினில் நண்பர்களிடையே வழங்கும் "வொசோத்ரோஸ்" வடிவத்தைக் கேட்டால் விளங்கினால் சரி.

பண்பாட்டுக்கும் ஓர் இலக்கு வையுங்கள், கொடியும் தலைநகரும் மனனம் செய்வதாக இல்லாமல். மிளகாயும் சோளனும் மெக்சிக்கோப் பக்கத்தில் பயிராக்கப்பட்டு உலகெங்கும் போனவை. கச்சானும் மரவள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை. தன் வீட்டுச் சாப்பாட்டில் அந்தப் பக்கத்து நாடுகளிலிருந்து வந்த மூன்று பொருளைக் காட்டி அதன் ஸ்பானிஷ் பெயரைப் பிள்ளை சொன்னால் போதும். பாசிக்குடா, அறுகம்பே பக்கம் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள், அவர்களோடு கதைக்க விடலாமே என்று யாராவது சொல்வார்கள். தரம் 6 பிள்ளைகளை முன்பின் தெரியாதவர்களிடம் அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு விருந்தினரை அதிபரின் அனுமதியோடு வகுப்புக்கு அழைத்து, பிள்ளைகள் தயாரித்த கேள்விகளைக் கேட்க விடுவது வேறு. அது முடிந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

மதிப்பீட்டை இலக்குக்கு ஏற்றபடி செய்யாவிட்டால் இவ்வளவு எழுதியும் பயனில்லை. பல்தேர்வு வினாத்தாள் கொடுத்தால் பிள்ளைகள் பல்தேர்வுக்குத்தான் படிப்பார்கள். ஒவ்வொரு தவணை முடிவிலும் பிள்ளைக்கு மூன்று நிமிடம் ஒதுக்கி நேரில் கதையுங்கள், பெற்றோர் சம்மதித்தால் போனில் குரலைப் பதிவு செய்து வையுங்கள். மேடையில் மனனம் செய்து ஒப்புவிக்கும் பேச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்து இலக்கை அடைந்ததாகக் கொள்ள வேண்டாம். பேச்சு முடிந்ததும் எதிர்பாராத ஒரு கேள்வி கேளுங்கள்: "உன் தங்கச்சிக்கு என்ன வயது?" திக்கித் திக்கி, பிழையோடு பதில் வந்தாலும் அந்தப் பிள்ளைக்குப் புள்ளி போடுங்கள்.

சோதனை பற்றியும் பெற்றோர் கேட்கக்கூடும். ஸ்பெயினின் செர்வான்தேஸ் நிறுவனம் 11 முதல் 17 வயது வரையான மாணவர்களுக்கென்று டெலே ஏ1 சோதனை நடத்துகிறது. வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு நான்கும் அதில் உண்டு. உங்கள் நேர அளவில் மூன்றாம் வருடத்தில் அதைப் பற்றி யோசிக்கலாம். முதல் வருட இலக்குத்தாளில் அதன் பெயரே வேண்டாம்.

பெற்றோர் கூட்டத்தில் இப்படிச் சொல்லுங்கள்: "வருசம் முடியும்போது உங்கட பிள்ளை தன்னைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் ஸ்பானிஷில் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லும், மெதுவாகக் கேட்டால் பதில் சொல்லும். அதற்கு மேல் கதைக்க இன்னும் ரெண்டு வருசம் வேணும். வீட்டில ஒவ்வொரு நாளும் பத்து நிமிசம் சத்தமாக வாசிக்க விடுங்கோ, பிழை பிடிக்க வேண்டாம்." அந்த மூன்றையும் தாளில் அச்சடித்து, பக்கத்தில் சரி அடையாளம் போட ஒவ்வொரு பெட்டி வைத்துக் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அதிபருக்கும் அதே தாள் போதும்.