மகளை வெளியுறவுப் படிப்புக்கு அனுப்ப வீட்டை அடமானம் வைக்கலாமா?

பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும் மகள் எந்நேரமும் போர், எண்ணெய், அணு ஒப்பந்தம் என்றே பேசுகிறாள், இதை நம்பி என்ன படிக்க வைப்பது என்று ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். கடிதத்தில் பாதிக்கு மேல் அவளுடைய மாமா சொன்னவைதான். வெளிநாட்டில் பெரிய பெயருள்ள பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் படித்துவிட்டால் அப்புறம் ஐ.நா., தூதரகம், தொலைக்காட்சி விவாதம் என்று போய்க்கொண்டே இருக்கலாமாம். வீட்டை அடமானம் வைக்கலாமா என்ற கேள்வி கடைசி வரியில் வருகிறது.

பயப்படாதீர்கள் ஐயா, உலக நடப்பில் ஆர்வமுள்ள பிள்ளை வீணாய்ப் போகாது. என்னால் சொல்ல முடிந்த ஆறுதல் இவ்வளவுதான். வீட்டை அடமானம் வைக்க வேண்டாம்.

ஏன் என்று மாமாவுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு நாட்டின் பாதுகாப்புத் துறை, உளவுத் துறை, வெளியுறவு அமைச்சகம் ஆகியவற்றில் வேலை பார்க்கப் பெரும்பாலும் அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும். அதற்கு மேல் பின்னணிச் சோதனையும் உண்டு. வேறொரு நாட்டுக்குப் போய்ப் பாதுகாப்புக் கொள்கையில் பட்டம் வாங்கும் மாணவிக்கு, அந்தப் பட்டம் எந்த வேலைகளுக்காக உருவானதோ அவற்றில் பெரும்பகுதி அங்கே கிடைக்காது. கட்டணம் மட்டும் முழுதாக வாங்கிக்கொள்வார்கள். ஐ.நா.வின் இளம் வல்லுநர் தேர்வுக்கோ இளநிலைப் பட்டமே போதும். ஆனால் அந்த ஆண்டு தேர்வில் பங்கேற்கும் நாடுகளின் பட்டியலில் உங்கள் நாடு இருக்க வேண்டும், வயது 32-ஐத் தாண்டக் கூடாது. எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட அதுதான் முதல் தடை.

தொலைக்காட்சி விவாதத்தில் உட்காருகிறவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். ஓய்வு பெற்ற தளபதி, முன்னாள் தூதர், மூத்த செய்தியாளர். முப்பது வருடம் வேறு வேலை பார்த்த பிறகுதான் அந்த நாற்காலி வந்தது. அதற்கென்று தனிப் படிப்பு கிடையாது.

ஆட்சிப்பணித் தேர்வு, சட்டம், ராணுவம் பற்றி ஊரே உங்களுக்குச் சொல்லிவிட்டிருக்கும், நான் விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. விவாதத்தில் யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் உடனே அதைத் தேடிச் சரிபார்க்கிறாள், மேடையில் பேசச் சொன்னால் மட்டும் ஒளிந்துகொள்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட பெண்ணையா தூதராக்கப் போகிறீர்கள்? அவளுக்குப் பொருந்துகிற வேலை ஒன்று இருக்கிறது. பொதுவாக யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. எரிசக்தித் தரவுப் பகுப்பாய்வு.

ஓர் உதாரணம். பாரசீக வளைகுடாவின் குறுகிய வாசலான ஹார்முஸ் நீரிணையை மூடினால் உலகமே நின்றுவிடும் என்று விவாதத்தில் ஒருவர் மேசையைத் தட்டுகிறார். 2024-இல் அந்த வழியாக நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் போனது, உலக நுகர்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சரி, அதில் எவ்வளவைத் திருப்பிவிடலாம்? சவூதியின் கிழக்கு–மேற்குக் குழாய் செங்கடல் கரையில் யான்பு வரை போகிறது. அமீரகத்தின் குழாய் நீரிணைக்கு வெளியே உள்ள புஜைராவில் முடிகிறது. இரண்டையும் சேர்த்தாலும் முழு அளவையும் சுமக்க முடியாது. கத்தாரின் திரவ எரிவாயுவுக்கோ மாற்றுக் குழாயே இல்லை. இறக்குமதி செய்யும் நாட்டின் கையிருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்பது அடுத்த கேள்வி. 1973-இல் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடைக்குப் பிறகு 1974-இல் அமைந்த சர்வதேச எரிசக்தி முகமை, நிகர இறக்குமதி செய்யும் தன் உறுப்பு நாடுகள் குறைந்தது 90 நாள் இறக்குமதிக்கு ஈடான இருப்பை வைத்திருக்க வேண்டும் என்கிறது. இந்த எண்களை அடுக்கி, எங்கே ஓட்டை இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பவர்தான் பகுப்பாய்வாளர். மேசையைத் தட்டுபவர் கையிலிருக்கும் தாளை எழுதியவர் பெரும்பாலும் இவர்தான்.

கொஞ்சம் துப்பறியும் வேலையும் இதில் உண்டு. சர்வதேசப் பயணம் போகும், உட்கொள்ளளவுக் கணக்கில் 300 டன்னோ அதற்கு மேலோ உள்ள கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தைத் தானாக ஒலிபரப்பும் கருவியை வைத்திருக்க வேண்டும். கப்பல் நீரில் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது (சரக்கு ஏற ஏற அது கூடும்) என்ற விவரமும் அதில் வரும், ஆனால் அதை மாலுமிகள் கையால் பதிகிறார்கள். ஆகவே பொய்யும் இருக்கலாம், மறதியும் இருக்கலாம். சில கப்பல்கள் கருவியை அணைத்துவிட்டு நடுக்கடலில் இன்னொரு கப்பலுக்குச் சரக்கை மாற்றும். அப்போது செயற்கைக்கோள் படத்தைத் தேட வேண்டும். ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசம், அதில் ராடார் வகை மேகத்தையும் இரவையும் ஊடுருவும். எண்ணெய்த் தொட்டிகளில் எண்ணெயோடு ஏறி இறங்கும் மிதக்கும் கூரைமேல் விழும் நிழலை அளந்தால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கணிக்கலாம். சுங்கக் கணக்குகளை ஒப்பிட்டால் இன்னும் வேடிக்கை. மலேசியா உற்பத்தி செய்வதைவிட அதிகமான கச்சா எண்ணெய் மலேசியாவிலிருந்து வந்ததாகச் சீனச் சுங்கப் புள்ளிவிவரம் காட்டியிருக்கிறது. தடைக்கு உள்ளான நாடுகளிலிருந்து கிளம்பிய எண்ணெய் கடலில் கை மாறி, பெயரும் மாறி வந்துசேர்கிறது. பொருளாதாரத் தடை பலிக்கிறதா என்ற கேள்விக்கு இந்த மாதிரி இடங்களில்தான் விடை இருக்கிறது.

இந்த வேலையைக் கேட்டு வாங்குபவர்கள் எரிசக்தி அமைச்சகங்கள், மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள், கப்பல் காப்பீட்டு நிறுவனங்கள், தடைகளைக் கண்காணிக்கும் வங்கிப் பிரிவுகள், ஆய்வு நிறுவனங்கள், செய்தித்தாள்களின் தரவுப் பிரிவுகள். தனியார் இடங்களில் குடியுரிமைத் தடை குறைவு. வேலை சுலபமாகக் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெறும் கருத்தோடு நிற்பவரைவிட, செய்து காட்டிய கணக்கோடு நிற்பவருக்குக் கதவு சீக்கிரம் திறக்கும்.

படிப்பு? புள்ளியியல் அல்லது பொருளாதாரத்தில் இளநிலை, கடன் இல்லாமல் கட்டணம் கட்ட முடிகிற கல்லூரியில். கூடவே பைத்தான், தரவுத்தளம், வரைபட மென்பொருள், இவற்றுக்கு இணையத்தில் இலவசப் பாடங்கள் போதும். அரபு, பாரசீகம், ரஷ்யன், சீனம், இவற்றில் ஏதேனும் ஒரு மொழி. எது என்று அவளே முடிவு செய்யட்டும், மாமா வேண்டாம். மூன்று வருடம் விரும்பாத எழுத்துமுறையோடு மல்லுக்கட்டப் போவது அவள்தான்.

கல்லூரி தொடங்கும் முன்பே ஜோடி (JODI) என்ற சர்வதேசக் கூட்டுத் தரவுத் திட்டத்தின் மாதாந்திர எண்ணெய்க் கணக்கை அவள் இறக்கிப் பார்க்கட்டும். ஐ.நா.வின் வணிகத் தரவுத்தளத்தில் கச்சா எண்ணெயின் குறியீடு 2709. ஏதேனும் இரண்டு நாடுகளை எடுத்துக்கொண்டு, ஒன்று அனுப்பியதாகச் சொல்வதும் மற்றது பெற்றதாகச் சொல்வதும் ஏன் ஒத்துவரவில்லை என்று இரண்டு பக்கம் எழுதட்டும். ஏற்றுமதி மதிப்பில் பொதுவாகக் கப்பல் கட்டணம் சேராது, இறக்குமதி மதிப்பில் சேரும், மாதக் கடைசியில் கிளம்பியது அடுத்த மாதக் கணக்கில் ஏறும், டன்னைப் பீப்பாயாக்கும்போது எண்ணெயின் அடர்த்தி குழப்பும். இதை இரவு வெகுநேரம் உட்கார்ந்து செய்தாள் என்றால் அவளை விட்டுவிடுங்கள். அலுத்துப்போய் மூடிவைத்தாள் என்றாலும் நஷ்டமில்லை, ஒரு பைசா செலவாகவில்லை.

முதுநிலைப் படிப்பைப் பிறகு பார்க்கலாம். சில ஆண்டுகள் வேலை பார்த்தபின் உதவித்தொகையிலோ நிறுவனச் செலவிலோ போகட்டும், வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

அவளுக்குக் கணக்குப் பாடம் எப்படி என்று நீங்கள் எழுதவே இல்லை. எண்ணைச் சரிபார்ப்பது வேறு, நிகழ்தகவுத் தேற்றத்தோடு மூன்று வருடம் குடித்தனம் நடத்துவது வேறு. அதை அவளையே கேட்டு எழுதுங்கள். கணக்கு பிடிக்காது என்று அவள் சொன்னால் புள்ளியியலை எடுத்துவிட்டு, மொழியையும் வரைபடத்தையும் முன்னால் வைத்து வேறு வழி சொல்கிறேன்.